35,000 ரூபாய்க்குள் மடிக்கணினி: கணக்கு எழுதும் வேலைக்கு எது பொருந்தும்?

வைகைக்கரை:
வணக்கம். பெரியகுளத்தில் வீட்டிலிருந்தபடியே நான்கைந்து கடைகளுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஜிஎஸ்டி தாக்கல், எக்செல், பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப், மாலையில் மகளின் ஆன்லைன் வகுப்பு. இதற்கு மேல் என் மடிக்கணினிக்கு வேலை இல்லை. இப்போதிருப்பதில் உள்ள ப்ராசசர் (கணினியின் மூளையான சிப்) இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ இந்தக் கருவி ஏற்கவில்லை. கடையில் மூன்று மடிக்கணினிகள் காட்டினார்கள். அவற்றின் ப்ராசசர்கள்: செலரான் என்4500, ரைசன் 5 7520யு, ஐ3 1215யு. மூன்றிலும் 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் இடம்). மூன்றைவிட ஐந்து பெரியது என்பதால் ரைசனே மேல் என்கிறார் விற்பனையாளர். கணக்கு எழுதுகிற எனக்கே அந்தக் கணக்கு ஒட்டவில்லை.

பழைய மதர்போர்டு:
ஒட்டாததில் நியாயம் இருக்கிறது. 7520 என்ற எண்ணில் மூன்றாவதாக நிற்கும் 2, உள்ளே இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் ஜென் 2 என்ற சிப் வடிவமைப்பு என்பதைச் சொல்கிறது. அது 2019இல் வந்தது. பெட்டியின் மேல் 7 என்று தொடங்குவதால் புதியது போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். உங்கள் வேலைக்கு அதன் வேகம் போதும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்தச் சிப் எல்பிடிடிஆர்5 வகை ராமை மட்டுமே ஏற்கும், அதையும் போர்டிலேயே பற்றவைத்துத்தான் தருவார்கள் என்பதால், இன்று 8 ஜிபி வாங்கினால் அந்த மடிக்கணினியின் ஆயுள் முழுவதும் 8 ஜிபிதான். அதிலும் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும்.

செலரானைத் தொடவே வேண்டாம். இரண்டே கோர்கள், அதாவது சிப்புக்குள் வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகள். பின்னணியில் விண்டோஸ் அப்டேட் இறங்கத் தொடங்கிவிட்டால், வவுச்சரை முடித்து கன்ட்ரோல்-ஏ அழுத்திய பிறகு அது சேமிக்கப்பட்டதா இல்லையா என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும். 1215யுவில் வேகமான கோர்கள் இரண்டு, சிக்கனமானவை நான்கு என ஆறு உண்டு. ஆனால் அதே சிப் கொண்ட மாடல்களிலும் சிலவற்றில் கூடுதல் ராம் செருக இடம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் பராமரிப்புக் கையேட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ரிச்சி தெருவாசி:
இதே பணத்தில் பாதிக்குச் சற்று மேல் செலவழித்தால், அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட எட்டாம் தலைமுறை ஐ5 கருவி ஒன்று கிடைக்கக்கூடும். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்து ஏற்கும். திங்க்பேட் டி480 போன்றவற்றில் ராமுக்கு இரண்டு இடம் உண்டு, கீபோர்டும் புதிய மலிவு மாடல்களைவிட நன்றாக இருக்கும். ஒரே எச்சரிக்கை பேட்டரி. நான் ஒருமுறை 'பேட்டரி புதுசு சார்' என்ற வார்த்தையை நம்பி வாங்கிவந்து, வீட்டில் விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, தயாரித்தபோதிருந்த கொள்ளளவு 48,000 மில்லிவாட் மணி என்றும் இப்போது நிறைவது 27,000 என்றும் இருந்தது. அந்த அறிக்கையைக் கடையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

நம்பர் பேட்:
ரிச்சி தெருவாசி ஐயா சொல்வது மற்றவர்களுக்குப் பொருந்தலாம், கணக்கருக்குப் பொருந்தாது. அவர் சொல்லும் 14 அங்குலக் கருவிகளில் வலப்பக்க எண் பலகை இருக்காது. நாள் முழுவதும் பில் தொகைகளை அடிக்கிறவருக்கு மேல் வரிசை எண்களில் தட்டுவது எவ்வளவு தொல்லை என்பது அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். யுஎஸ்பி எண் பலகை தனியாகக் கிடைக்கிறது என்றாலும், மேசையில் அதற்கு ஓர் இடம், அதற்கொரு வயர். 15.6 அங்குலத்திலேயே பாருங்கள். இன்னொன்று: மலிவான சில மாடல்கள் விண்டோஸின் எஸ் மோடில் வருகின்றன. அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் செயலிகளைத் தவிர வேறெதையும் நிறுவ முடியாது என்பதால், முதல் நாளே டேலி ஏறவில்லை என்று பதறுவார்கள். ஸ்டோர் வழியாகவே இலவசமாக அதிலிருந்து வெளியேறலாம். திரும்பப் போக முடியாது, போக வேண்டிய தேவையும் வராது.

பழைய மதர்போர்டு:
எண் பலகையை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வைகைக்கரை ஐயா, உங்கள் பழைய கருவியில் உள்ள ராம் டிடிஆர்4 வகையா என்று பார்த்துச் சொல்லுங்கள். புதியதும் அதே வகையை ஏற்று, அதில் இடமும் இருந்தால் செருகிக்கொள்ளலாம். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கும் நிலையில் அதைக் குப்பையில் போட வேண்டாம்.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. ஐ3 1215யு, 15.6 அங்குலம், எண் பலகையுடன் வாங்கிவிட்டேன். கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, நினைவகப் பகுதியில் இரண்டு இடங்களில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். கையேட்டிலும் டிடிஆர்4, இரண்டு இடம் என்றே இருந்தது. பழைய கருவியின் 8 ஜிபியும் டிடிஆர்4தான். உத்தரவாதம் போய்விடக் கூடாது என்று சர்வீஸ் சென்டரில் கொடுத்துச் செருகிக்கொண்டேன். பழையதன் வேகத்துக்கு இறங்கி 2400இல்தான் இரண்டும் ஓடுகின்றன என்றார் அங்கிருந்த தம்பி. ஓடட்டும், 16 ஜிபி ஆகிவிட்டது.