கட்டை விரலில் மூன்று எலும்பு, கூடவே கடும் ரத்தசோகை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

பாப்பாவின் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு நான்கு மாதம். பிறந்தபோதே இரண்டு கட்டை விரல்களும் மற்ற விரல்களைப் போல ஒல்லியாக, நீளமாக இருந்தன. எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று தெரிந்தது. கொஞ்சம் வளர்ந்ததும் சரிசெய்யலாம் என்றார்கள், நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

மூன்றாவது மாதத்தில் பால் குடிக்கும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு வாய் குடிப்பாள், அப்படியே சோர்ந்து தூங்கிவிடுவாள். உள்ளங்கையும் உதடும் வெளுத்துக் கிடந்தன. ஹீமோகுளோபின் 4.1. அன்றைக்கே ரத்தம் ஏற்றினார்கள். பிறவியிலேயே சிவப்பணு சரியாக உருவாகாத டயமண்ட் பிளாக்ஃபன் ரத்தசோகையாக இருக்கலாம், மஜ்ஜையைப் பாதிக்கும் ஃபான்கோனி ரத்தசோகை என்ற இன்னொரு மரபணு நோய் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும் என்கிறார்கள்.

விரலுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? கர்ப்பத்தில் நான் சரியாகச் சாப்பிடாததால் வந்ததா? மூத்தவனுக்கு 5 வயது, நன்றாக இருக்கிறான். அவனுடைய எலும்பு மஜ்ஜையைக் கொடுக்கலாமா? தூக்கமே வரவில்லை.

மாறன் அம்மா:

உங்கள் பதிவைப் படித்ததும் பதினோரு வருடம் பின்னால் போய்விட்டேன். என் மகனுக்கும் இதே நோய்தான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததில்லை இது. மரபணுவில் வருவது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அப்பா அம்மா இருவரிடமும் இல்லாத மாற்றம் புதிதாக உண்டாகியிருக்கும்.

விரலுக்கும் ரத்தத்துக்கும் உள்ள சம்பந்தத்தை எங்கள் ரத்தநோய் மருத்துவர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு செல்லிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உண்டு. பெரும்பாலும் அதைக் கட்டும் மரபணுக்களில் ஒன்றில்தான் கோளாறு. சிவப்பணு ஆகப்போகும் செல்லுக்கு ஏராளமான ஹீமோகுளோபின் தயாரிக்க வேண்டியிருப்பதால் முதலில் தடுமாறுவது அதுதான். கருவில் கை உருவாகும் முதல் இரண்டு மாதங்களிலும் அதே கோளாறு இருந்திருக்கிறது, அது கட்டை விரலில் தெரிகிறது. 1938-இல் டயமண்டும் பிளாக்ஃபனும் இந்நோயை விவரித்தார்கள், முதல் மரபணுவைக் கண்டுபிடிக்க 1999 ஆகிவிட்டது. ரத்தசோகையோடு மூன்றெலும்புக் கட்டை விரல் சேர்ந்து வந்தால் முன்பு ஆசே நோய் என்று தனிப் பெயர் சொன்னார்கள். இப்போது அதையும் இதில்தான் சேர்க்கிறார்கள்.

எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். மாறனை முதலில் பார்த்த மருத்துவர் விரலையும் பார்த்தார், வெளுப்பையும் பார்த்தார், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரும்புச்சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் நானும் சொட்டுக் கணக்குப் பார்த்து ஊட்டினேன். அவனுக்கு இரும்பு குறையவே இல்லை, சிவப்பணு உற்பத்திதான் நடக்கவில்லை. ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான இளம் சிவப்பணு) எண்ணிக்கை ஒன்றைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து யார் சொன்னாலும் ரத்தநோய் மருத்துவரைக் கேட்காமல் இரும்பு டானிக் கொடுக்காதீர்கள். ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடம்புக்குள் போகிறது. வெளியேற்ற உடம்புக்கு வழி இல்லை, ஈரலிலும் இதயத்திலும் படியும்.

இந்நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தைப் பொதுவாக ஒரு வயது வரை ஆரம்பிக்க மாட்டார்கள், வளர்ச்சி கெடும். அதுவரை ரத்தம்தான். மாறனுக்கு 14 மாதத்தில் ஆரம்பித்தார்கள், மூன்றாவது வாரமே ஹீமோகுளோபின் தானாக ஏறியது. வீடே கொண்டாடியது. ஆனால் அளவைக் குறைத்தபோதெல்லாம் இறங்கியது. கன்னம் உப்பி, நாள் முழுக்கப் பசி பசி என்று அழுவான். மூன்று வயதில் நிறுத்திவிட்டு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் என்று முடிவு செய்தோம். பல குழந்தைகளுக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டே வருடக்கணக்காகப் போதுமாக இருக்கிறது, அதனால் இதைப் படித்துப் பயப்படாதீர்கள்.

இரும்பை வெளியேற்ற தினமும் காலையில் வெறும் வயிற்றில் டெஃபெராசிராக்ஸ். தண்ணீரில் கரைத்தால் டம்ளர் அடியில் சுண்ணாம்பு மாதிரி தங்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வேண்டும். மாறன் இப்போது அவனே டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இன்னும் இருக்கும்மா" என்று மறுபடி அலசுவான்.

மூத்த பையன் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். பார்க்க ஆரோக்கியமாக இருந்தும் அதே மரபணு மாற்றத்தைச் சுமக்கும் உடன்பிறப்புகள் உண்டு. அந்த மஜ்ஜையை ஏற்றிப் பயனில்லை. பாப்பாவின் மாற்றம் எது என்று தெரிந்து, அவனுக்கு அது இல்லை என்று உறுதியான பிறகுதான் பொருத்தம் பார்ப்பதே. அப்புறம், பாசத்தில் சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுக்க வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் மஜ்ஜை மாற்றும்போது அது சிக்கலாகலாம்.

ஒன்பது விரல்:

ஃபான்கோனியோடு வாழ்பவன் நான், வயது 31. இடது கையில் கட்டை விரல் இல்லாமலே பிறந்தேன். ஆள்காட்டி விரலைத் திருப்பிக் கட்டை விரலாக வைத்தார்கள். சட்டைப் பொத்தான் போடுவது முதல் எல்லாம் அந்தக் கையால் முடிகிறது.

உங்கள் மருத்துவர் ஃபான்கோனியையும் பார்க்கச் சொன்னது மிகச் சரி. அதில் பொதுவாகச் சில வருடம் கழித்துத்தான் மஜ்ஜை ஓயத் தொடங்கும், தட்டணு, வெள்ளணு எல்லாமே இறங்கும். எனக்கு 7 வயதில் ஆரம்பித்தது. ரத்தத்தில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்து குரோமோசோம் உடைகிறதா என்று பார்ப்பார்கள். ஏன் முக்கியம் என்றால், ஃபான்கோனி உள்ளவர்களின் செல்கள் டி.என்.ஏ. சேதத்தைத் தாங்காது. அது தெரியாமல் மஜ்ஜை மாற்றத்துக்கு முன் வழக்கமான அளவில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. 1988-இல் பாரிஸில் உலகிலேயே முதல்முறையாகத் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றியதும் ஃபான்கோனி உள்ள ஒரு சிறுவனுக்குத்தான்.

பாப்பாவின் அம்மா:

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. வீட்டில் வாங்கி வைத்திருந்த டானிக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். முதல்முறை ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரி ஆய்வகத்தில் இருக்கிறதாம், அது உதவுமா?

மாறன் அம்மா:

ரொம்ப உதவும். சிவப்பணுவில் ஏ.டி.ஏ. என்ற நொதி கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் அடுத்தவர் ரத்தம் கலந்து கணக்குத் தப்பும். அந்த மாதிரியைத் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லி நாளை காலையே போன் செய்யுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், காத்திருப்பேன்.