மறு: மாமியின் கல்வெட்டும் வளைவும் – காசு அனுப்ப முதல் இதை வாசியுங்கள்

எல்லாருக்கும் வணக்கம்,

லண்டன் அண்ணையின் மடல் கண்டேன். மாமியின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் 500 பிரதி, ஊர் முகப்பில் அவவின் பெயரில் வளைவு, அதற்குக் குடும்பத்துக்கு 300 பவுண். உடனே ஸ்காபரோ அண்ணை, போன முறை பள்ளிக்கூடக் கிணறு இறைத்த கணக்கு வந்தால்தான் புதுக்காசு என்று எழுதிவிட்டார். அவர் கேட்பதில் பிழை இல்லை, ஆனால் செத்தவீட்டுத் துடக்குக் கழிய முதல் கேட்டிருக்க வேண்டுமா என்றுதான் யோசித்தேன்.

முதலில் வீட்டு விஷயம். சிட்னித் தங்கச்சி வந்து போகும்போது கேற்றில் ஒட்டியிருந்த தாளைப் படமெடுத்துப் போட, மாமியின் வெள்ளவத்தை வீடு கைமாறிவிட்டது, மாடிக்கட்டடம் வரப்போகிறது என்று நாலு பேர் முடிவே கட்டிவிட்டீர்கள். அது டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் ஒட்டிய தாள். பின்வளவில் சிரட்டைகளுக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. ஆள் பிடித்துத் துப்புரவாக்கிவிட்டேன், 4,500 ரூபா, ஸ்காபரோ அண்ணை, ரசீது இருக்கிறது.

இனிக் கல்வெட்டு. அனுப்பியிருந்த படியை வாசித்தேன். இறந்த திதியைச் சொல்லும் வெண்பா சரி, அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் வாழ்க்கை வரலாறு என்று போட்டிருப்பது யாருடையது? "பொறுமையின் இருப்பிடம், அதிர்ந்து பேசாதவர்" என்று கிடக்கிறது. மாமியா? லண்டன் அண்ணை, குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்ததற்கு அகப்பைக் காம்பால் உங்களுக்கு விழுந்தது பின்வீட்டுச் சிங்கள அன்ரிக்கும் கேட்டது. பாணும் பருப்பும் மூன்று நாள் தொடர்ந்து போட்டால் முகம் சுளித்தவனுக்கு நாலாம் நாளும் அதுதான். அந்த வாயை எடுத்துவிட்டால் மாமியில் மிச்சம் என்ன இருக்கிறது?

எழுத வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. 83 ஆடிக் கலவரத்தில் உடுத்த சேலையோடு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குப் போய், அங்கிருந்து லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தவ. இனிக் கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றவ இரண்டு வருஷத்தில் மாமாவின் வேலைக்காகத் திரும்பி வந்தா. வந்து பார்த்தால் அவவின் தையல் மெஷினைப் பின்வீட்டு அன்ரி துணி போர்த்தி வைத்திருந்தா. பிறகுதான் நம் ஊர் முழுக்க அந்த விறாந்தையில் பாய் போட்டது. 95 யாழ்ப்பாண இடம்பெயர்வுக்குப் பிறகு வவுனியாவில் பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்து சேர்ந்தவர்கள், வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்ததால் மாசக்கணக்கில் காத்திருந்தவர்கள், எல்லாருக்கும் அந்த விறாந்தைதான். தங்குகிற ஒவ்வொருவரையும் பொலிஸில் பதிய வேண்டும் என்ற காலத்தில் குடையும் கையுமாக வரிசையில் நின்றது யார்? சிங்களத்தில் மாமி பேசின பேச்சில் இலக்கணம் இல்லை, ஆனால் அலுவல் முடிந்துவிடும்.

2007 ஜூன் 7 விடிய கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்களே, அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னதே, அப்போது நம் ஊர்ப் பெடியள் இரண்டு பேர் தப்பியது எப்படி? லொட்ஜுச் சாப்பாட்டில் இளைத்துப்போனார்கள் என்று முதல் நாள் பின்னேரம்தான் மாமி ஓட்டோ பிடித்துப் போய்ப் பெட்டியோடு இழுத்து வந்தா. அதில் ஒருவர் இப்போது சூரிச்சில். இந்தக் குழுவில்தான் இருக்கிறார். மாமி போய் இரண்டு கிழமை, ஒரு வரி கிடையாது.

வளைவுக்கு நான் காசு தரமாட்டேன். 2014இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியபோது மாமியைக் கூட்டிப்போனேன். ஊர் முகப்பில் இருக்கிற பழைய வளைவைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போட்ட சீமெந்துக்கு ஒரு கக்கூஸ் கட்டியிருக்கலாம்" என்றா. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கக்கூஸைக் கட்டுவதென்றால் சொல்லுங்கள், என் பங்கை இன்றைக்கே போடுகிறேன். பெயர்ப்பலகை வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சொல்லாமல் விடத்தான் நினைத்தேன், "மாமிக்கு நாம் ஒரு குறையும் வைக்கவில்லை" என்ற வரியை வாசித்த பிறகு முடியவில்லை. மாமி கணக்கு எழுதின கொப்பி குசினி லாச்சிக்குள் கிடந்தது. திருப்பித் தந்தவர்களின் வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறா. 1991 மார்கழியில் ஒரு வரி, "லண்டன் போற தம்பி, டிக்கெற்றுக்கு 18,000." சிவப்புக் கோடு இல்லை. அண்ணை, அதை நான் யாருக்கும் படமெடுத்து அனுப்பப் போவதில்லை. கொழும்புக்கு வந்தால் நீங்களே பாருங்கள்.

கல்வெட்டுக்கு எழுத விரும்புகிறவர்கள் வருகிற வெள்ளிக்குள் அனுப்புங்கள், அதற்குப் பிறகு அச்சகத்தில் எடுக்கமாட்டார்கள். ஆளுக்கு அரைப் பக்கம் போதும். எப்போது வந்தீர்கள், எத்தனை நாள் இருந்தீர்கள், எதற்கு ஏச்சு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். பொறுமை என்ற சொல் வந்தால் நான் வெட்டிவிடுவேன்.

மாமியின் அண்ணன் மகள்
வெள்ளவத்தை