ஏஐ நோட்ஸ் ஆப் தமிழ்ப் பாடத்தை மட்டும் தப்பாகச் சுருக்குகிறது, நம்பிப் படிக்கலாமா?

முல்லைக்கொடி:
வணக்கம். பிடிஎஃப் கொடுத்தால் சுருக்கம், கேள்வி-பதில் கார்டு, மாதிரித் தேர்வு எல்லாம் போட்டுத் தரும் ஒரு ஏஐ ஆப்பை இலவசக் காலத்தில் பயன்படுத்திப் பார்க்கிறேன். ஆங்கிலப் பாடம் ஓரளவு சரியாக வருகிறது. தமிழில் உள்ள உயிரியல் நோட்ஸை ஏற்றினால்தான் சிக்கல். சுருக்கம் படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் நோட்ஸில் இல்லாததெல்லாம் வருகிறது, இருக்கிற முக்கியமான பகுதிகள் காணோம். குறை ஆப்பிலா, என் ஃபைலிலா? காசு கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

எழுத்தாணி:
முதலில் ஃபைலைப் பாருங்கள். ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். ஒழுங்கான தமிழாக விழுந்தால் அது யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை), ஃபைலில் குறையில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்குரிய குறியீடுகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் வரைந்து காட்டுகிறது. நம் கண்ணுக்குத் தமிழ், ஆப்புக்குப் போவது அந்தக் குறியீடுகள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லையா, அது ஸ்கேன் செய்த படம். இன்னொரு வகையும் உண்டு: தமிழாகத்தான் விழும், ஆனால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறிக் கிடக்கும்.

இப்படிப்பட்ட ஃபைலுக்கு ‘படிக்க முடியவில்லை’ என்று ஆப் சொல்லிவிட்டால் நல்லது. பல சமயம் சொல்லாது. தலைப்பும் நடுநடுவே வரும் ஆங்கிலக் கலைச்சொற்களும் பிடிபட்டாலே போதும், மீதியைத் தனக்குத் தெரிந்த பொதுவான விஷயங்களால் சரளமாக நிரப்பிவிடும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

முல்லைக்கொடி:
பார்த்துவிட்டேன். பெரும்பகுதி ஆங்கில எழுத்தாகத்தான் விழுகிறது. கடைசி அத்தியாயம் படம். இதற்கு என்ன வழி?

எழுத்தாணி:
பிடிஎஃப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் எழுத்துருவின் பெயர் இருக்கும். அதற்கேற்ற யூனிகோடு மாற்றியைத் தேர்ந்தெடுங்கள். பழைய எழுத்துருக்களுக்குள் குறியீட்டு முறைகள் வேறு வேறு, பெயர் மாறினால் குப்பைதான் வரும். படமாக உள்ள அத்தியாயத்துக்கு ஓசிஆர் வேண்டும், அதாவது படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் வசதி. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாகிவிடும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் தமிழ் படிக்கும். எதில் செய்தாலும் எண்களையும், ‘ர’வும் துணைக்காலும் வரும் இடங்களையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

முல்லைக்கொடி:
மாற்றி ஏற்றினேன். சுருக்கம் இப்போது என் நோட்ஸைத்தான் பேசுகிறது, மிக்க நன்றி. ஆனால் ஒரு கார்டில் ‘தமனிகள் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைக் கொண்டு செல்கின்றன’ என்று இருக்கிறது. நோட்ஸில் ‘நுரையீரல் தமனி தவிர’ என்று தெளிவாகவே உள்ளது. இதுவும் ஃபைலின் குறையா?

வினாத்தாள்:
இல்லை, இது ஆப்பின் குறை. சுருக்கும்போது முதலில் உதிர்வது ‘தவிர’, ‘மட்டும்’, ‘அல்ல’ போன்ற சொற்கள்தான். தேர்வில் கேள்வி வருவதும் அங்கேதான். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அத்தியாயத்தைக் கொடுத்து, விதிவிலக்குகளையும் எண்களையும் மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அந்த அத்தியாயத்தில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். ‘இதில் இல்லை’ என்று சொல்கிற ஆப்பை மேற்கொண்டு பார்க்கலாம். கதை கட்டினால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தொட்டுப் பார்க்கிற வசதி இருக்கிறதா என்பதும் முக்கியம். கூகுளின் நோட்புக்எல்எம் போன்றவற்றில் அது உண்டு. அந்த வசதி இல்லாத ஆப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முல்லைக்கொடி:
புரிகிறது. அப்படியானால் சுருக்கத்தைத் திருத்தி வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பப் படிக்கலாம் அல்லவா?

வினாத்தாள்:
அதைத்தான் வேண்டாம் என்பேன். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சிலர் மறுபடி படித்தார்கள், சிலர் படித்ததை நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. படிக்கும் முறைகளை ஒப்பிட்ட டன்லாஸ்கி குழுவின் 2013 மதிப்பீடும், சுருக்கம் எழுதுவதையும் அடிக்கோடிடுவதையும் பலன் குறைந்தவை என்றே வகைப்படுத்தியது. தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் பலன் மிகுந்தவை. ஆப்பில் உங்களுக்கு உண்மையில் உதவுவது மாதிரித் தேர்வும், தவறிய கார்டை நாள் தள்ளி மறுபடி காட்டும் வசதியும்தான். அவை சரியாக இல்லையென்றால் சுருக்கம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. விதிவிலக்குக் கார்டுகளை மட்டும் நீங்களே எழுதுங்கள். எழுதும்போதே பாதி மனதில் நின்றுவிடும்.

எழுத்தாணி:
காசு கட்டுவதற்கு முன் இன்னும் ஒன்று. கார்டுகளை சிஎஸ்வி ஃபைலாக (அட்டவணைத் தகவலை வைக்கும் எளிய எழுத்துக் கோப்பு) வெளியே எடுக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் நாளை ஆப்பை விட்டாலும் அவற்றை அன்கி என்ற கார்டு மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். வகுப்பை ஒலிப்பதிவு செய்து ஏற்றுவதாக இருந்தால் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். அதில் மற்ற மாணவர்களின் குரலும் இருக்கும்.

முல்லைக்கொடி:
சிஎஸ்வி எடுக்க முடிகிறது, ஆனால் பக்க எண் காட்டும் வசதி இல்லை. இப்போதைக்குக் காசு கட்டவில்லை. மாற்றிய ஃபைலையே வேறொரு ஆப்பில் போட்டு, அந்தத் தமனிக் கேள்வியிலிருந்து சோதிக்கிறேன்.