கூண்டு ஏணியில் கம்பி வடமா, ரெயிலா? செய்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, எங்கள் கட்டடத்தில் மொட்டை மாடிக்கு ஏறும் இரும்பு ஏணி 30 அடி உயரம், சுற்றிலும் கூண்டு, 2018க்கு முன்பே பொருத்தியது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, 24 அடியைத் தாண்டும் ஏணியை 2018 நவம்பர் 19 முதல் புதிதாகப் பொருத்தினால் கூண்டு மட்டும் போதாது, ஆள் தவறி விழுந்தால் பிடித்து நிறுத்தும் அமைப்பும் வேண்டும். பழைய ஏணிகளுக்கு 2036 நவம்பர் வரை அவகாசம் இருக்கிறதே, அதுவரை விடுங்கள் என்கிறார் மேலாளர். (கூண்டுக்குள் தவறுகிறவர் கம்பிகளில் மோதி மோதித்தான் கீழே வருவார், அது என்ன பாதுகாப்போ!)

சிக்கல் என்னவென்றால், நடுவில் இரண்டு படிக்கம்பிகள் வெல்டிங் விட்டு, பிடித்தாலே சுழல்கின்றன, துருவும் நன்றாக ஏறியிருக்கிறது, அந்தத் துண்டையே மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றினால் அந்தப் பகுதிக்காவது உடனே புது அமைப்பு போட வேண்டும், 2036 கணக்கு அங்கே செல்லாது.

சரி, இப்போது கேள்வி. ஏறுகிறவர் பெல்ட்டைக் கோத்துக்கொள்ள ஏணி நெடுகக் கம்பி வடம் போடுவதா, கெட்டியான ரெயில் போடுவதா? அப்புறம், பாதுகாப்பு அமைப்பின் வேலைக்கு இடைஞ்சல் இல்லாதவரை கூண்டை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் பெல்ட் மாட்டிக்கொண்டு ஏறும்போது அது நிஜத்தில் இடிக்கிறதா? இரண்டும் சேர்ந்த ஏணியில் ஏறியவர்கள் இருந்தால் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.