பயொப்சி றிப்போட்டில் பி53 கூடுதலாம், அது நல்லதுதானே?

ஆரையம்பதி மருமகள்:
மாமாவுக்கு நாக்கில் ஆறாத புண். பயொப்சி றிப்போட் வந்திட்டுது, புற்றுநோய்தான். கடைசி வரியில் பி53 கலங்களின் எல்லாக் கருக்களிலும் கடுமையாக நிறம் பிடித்திருக்கு என்று போட்டிருக்கு. ஏ.எல்.லில் படித்த ஞாபகத்தில் கேட்கிறேன்: பழுதான கலத்தைச் சாகவைக்கிற புரதம்தானே பி53? அப்போ கூடினால் நல்லதுதானே? கிளினிக்கில் கூட்டம், கேட்க வாய்க்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கும் வருமோ என்று மாமி ஒரே அழுகை.

காத்தான்குடி லாப்:
தங்கச்சி, ஞாபகம் சரி, கணக்குத்தான் தலைகீழ். நல்ல கலத்தில் பி53 உருவான கையோடு எம்.டி.எம்.2 என்ற புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். டி.என்.ஏ. உடைந்தால்தான் அந்தப் பிடி தளரும். அப்போது பி53 கருவுக்குள் சேர்ந்து கலம் பிரிவதை நிறுத்தும். திருத்த ஏலாத பழுது என்றால் சாகவைக்கும். அந்த எம்.டி.எம்.2-ஐ உருவாக்கத் தூண்டுவதும் பி53தான். விகாரமடைந்த, அதாவது ஜீன் மாறிப் பழுதான பி53-க்கு அது ஏலாது. அதனால் அழிக்க ஆளில்லாமல் தேங்கிப்போகும், வேலையும் செய்யாது. சிலைட்டில் கருவெல்லாம் கடும் கபிலமாகத் தெரிவது பெரும்பாலும் இந்தத் தேக்கம்தான். சாதாரண இழையத்தில் அங்கொன்று இங்கொன்றாக, வெளிறித்தான் நிறம் பிடிக்கும். ஒன்றுமே பிடிக்காவிட்டால் அதுவும் நல்லதில்லை, புரதமே உருவாகவில்லை என்று சந்தேகிப்போம்.

உங்கட குழப்பம் விஞ்ஞானிகளுக்கும் வந்ததுதான். 1979இல் கண்டுபிடித்தவர்கள் பத்து வருடமாக இதைப் புற்றுநோயை வளர்க்கிற ஜீன் என்றே நம்பினார்கள். கையில் அகப்பட்டது விகாரமடைந்த பிரதிகள்!

அக்கரைப்பற்று ரீச்சர்:
மாமியிடம் சொல்லுங்கள், இந்த விகாரம் பெரும்பாலும் கட்டியின் கலங்களில் மட்டும் நடந்தது, பிள்ளைகளுக்குப் போகாது. பிறப்பிலேயே வருவது லி-ஃப்ராமெனி என்ற அரிய நிலை. அதில் ஒரே குடும்பத்தில் பலருக்கு, இள வயதிலேயே, வேறு வேறு புற்றுநோய் வரும். மாமா வெத்திலை போடுவாரா?

ஆரையம்பதி மருமகள்:
அதையேன் கேட்கிறீங்கள்! வலை பொத்தும்போதும் கொடுப்புக்குள் புகையிலை அடக்கியபடிதான். இப்போ புகையிலையை விட்டிட்டார், பாக்கு மட்டும்தானாம்.

காத்தான்குடி லாப்:
எங்கட வாப்பாவும் இதையேதான் சொல்றார். பாக்கே தனியாகப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கு. பாக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், பி53 வரியை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவெடுக்க மாட்டார்கள். அடுத்த கிளினிக்கில் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கு, கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கா என்ற ரெண்டையும் கேளுங்கள்.