92 வெள்ளத்தைவிட இரண்டடி உயரம்

பொருநைக்கரை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில், ஆற்றோரம் எங்கள் ஊர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பட்டதை இத்தனை நாள் எழுதாமலே வைத்திருந்தேன். எழுதினால் அது சாட்சி ஆகிவிடும். சாட்சி என்றால் இழந்தது எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது என்று முடிக்க வேண்டும் அல்லவா, அந்தத் தயக்கம்தான்.

1992 நவம்பரில் தாமிரபரணி பெருகியபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீர் நின்ற கோடு எங்கள் பழைய வீட்டுச் சுவரில் ரொம்ப வருஷம் அழியாமல் இருந்தது. சவூதியில் பதினான்கு வருஷம் இருந்துவிட்டு வந்து 2011இல் புது வீடு கட்டியபோது, கொத்தனாரைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கோட்டைக் காட்டினேன். "இதுக்கு மேல இரண்டடி தூக்கிப் பேஸ்மென்ட் போடுங்க" என்றேன். செலவு கூடும் என்றார். கூடட்டும் என்றேன். இரண்டு பேட்டரி வைத்த இன்வெர்ட்டர், சம்ப், பின்கட்டில் எப்போதும் மூன்று மூட்டை அரிசி. இரும்பு பீரோவின் அடித்தட்டு லாக்கரில் பத்திரம், பாண்டு, நகை. திருடன் தூக்க முடியாத கனம் அடியில்தான் இருக்கும் என்று கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் வெட்கம். எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். ஒரு நாளும் விட்டதில்லை. ஜெபம் முடிந்து எல்லாரும் படுத்த அப்புறம் ஒரு கணக்கு நோட்டை எடுப்பேன். எந்த பாங்கில் எவ்வளவு, எது எப்போது முதிர்கிறது, மொத்தம் என்ன என்று ஒரு தடவை கூட்டிப் பார்த்தால்தான் கண் சொருகும். கர்த்தர் என் மேய்ப்பர் என்று சொல்லி முடித்த வாயால் வட்டியை முணுமுணுத்துக்கொண்டு தூங்கிய மனுஷன் நான்.

டிசம்பர் 17 ஞாயிறு. காலை ஆராதனைக்கே பாதிப் பேர் வரவில்லை, அப்படி மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று பின்னால் தெரிந்தது. குளங்கள் உடைந்தன, ஆறும் ஏறியது. ராத்திரி பதினொன்றுக்குத் தெருவில் தண்ணீர். எதிர்வீட்டு ஆச்சியை மகன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். எழுபதைத் தாண்டியவர், தனியாள், ஓட்டு வீடு. ஒரு கையில் பாலித்தீன் கவரில் சுற்றிய பைபிள், இன்னொரு கையில் ஒரு தகர டப்பா. காலையில் காப்பி போடவாவது இருக்கட்டும் என்று கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் மட்டும் மாடிக்கு ஏற்றினோம். பீரோவை நான் தொடவே இல்லை. கோட்டுக்கு மேல் இரண்டடி இருக்கிறதே!

இரண்டு மணிக்கு மேல்படியில் தண்ணீர். விடியும்போது ஜன்னல் மட்டம்.

மாடிப்படி முடிகிற சின்ன ஹெட்ரூமில் ஆறு பேர் முடங்கி உட்கார்ந்திருந்தோம். என் அம்மாவுக்கு அப்போது 81 வயது. கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, கேட்க மட்டும் முடியும். ஃபிரிட்ஜ் மிதந்து சுவரில் இடிக்கிற சத்தம் ஒன்று. கட்டில் இடிப்பது வேறு சத்தம், அது மரம். டங் என்று கனமாக ஒன்று விழுந்தது, பீரோ. இருட்டில் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் மனசுக்குள் விலை போட்டுக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜ் இருபத்தெட்டாயிரம், இன்வெர்ட்டர் இத்தனை என்று. பக்கத்தில் ஆச்சி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு அது கோபமாகத்தான் வந்தது. இழக்க ஒன்றுமில்லாதவருக்குத் தூக்கம் வராமல் என்ன என்று நினைத்தேன். ஆனால் அவர் வீட்டுக் கூரையும் அந்தத் தண்ணீரில்தான் நின்றது.

அந்த டப்பாவில் இருந்தது பிடியரிசி. தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கம் பெண்கள் ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, மாசத்துக்கு ஒரு தடவை கோயிலுக்குக் கொடுப்பார்கள். மூன்று மூட்டை அரிசி கீழே ஊறிக்கொண்டிருக்க, மேலே நாங்கள் அந்தப் பிடியரிசியைக் கஞ்சி வைத்துக் குடித்தோம். "ஆண்டவருக்கு எடுத்து வச்சது ஆச்சி" என்று என் மனைவி தயங்கினாள். "அவரு பிள்ளைகளுக்குத்தான குடுக்கோம், வேற யாருக்கு? வடிய எடுக்காதே, தண்ணியா வை" என்றார். வேதத்தில் வரும் சாறிபாத் விதவையின் மாவுப் பானை மாதிரி அது குறையாமல் இருந்தது என்று எழுத ஆசைதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் டப்பா காலி. சாயங்காலம் படகில் வந்த பையன்கள் ரொட்டி கொடுத்தார்கள். அவர்கள் யார், எந்த ஊர், என்ன மதம் என்று இன்றுவரை தெரியாது. அதே நேரம் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பேர் மாட்டிக்கொண்டதும், பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்ததை வைத்துச் சமைத்துப் போட்டதும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் பீரோவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். உள்ளே சேறு. கிரயப் பத்திரங்களைக் கொடியில் துணி கிளிப் போட்டுக் காயவைத்தேன். முத்திரைத் தாளின் மை கரைந்து பக்கத்துத் தாளில் தலைகீழாக ஒட்டியிருந்தது. கணக்கு நோட்டு கூழ். பால்பாயிண்ட் எழுத்து மட்டும் அங்கங்கே தெரிந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். பாங்கில் இருந்த பணம் ஒரு ரூபாய் குறையவில்லை, அது கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. பத்திரத்துக்கும் நகல் எடுத்துவிட்டேன். திரும்பி வராதது அந்த நோட்டு போட்டுத் தூங்கும் தூக்கம். புது நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது உடைந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

மேற்குக்கடல்:

அண்ணா, படித்தேன். நான் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். நாங்கள் கத்தோலிக்கர். உங்களுக்காவது தண்ணீர் வீட்டுக்கு வந்தது. எங்களுக்கு எப்போதும் நாங்கள்தான் தண்ணீருக்குப் போகிறோம்.

2017 நவம்பர் 29 ராத்திரி ஓகி புயல். என் தம்பி அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தான். ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் இருந்த போட்டு. பத்து நாளுக்கு டீசலும் ஐஸும். போகும்போது மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் போனான். இரண்டுமே இருந்தது, பாதுகாப்பும் ஜெபமும். கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் அந்தத் தூரத்துக்கு எட்டாது. புயல் வருகிறது என்ற செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

எங்கள் பங்குக் கோயில் முற்றத்தில் நாள் கணக்காக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு போட்டாகக் கரை சேர்ந்த செய்தி வரும், ஒரு வீட்டில் அழுகை நிற்கும், மற்ற வீடுகளில் கூடும். டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ஸ்டேஷனில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, அதில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா கையில் ஜெபமாலை. தம்பி வரவில்லை. உடலும் வரவில்லை.

அப்புறம் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "இன்னும் உறுதியாக விசுவசித்திருந்தால்" என்று ஆரம்பித்தார்கள். அப்பா எழுந்து போய்விட்டார். எனக்கும் அன்றிலிருந்து இந்த "கர்த்தரை நம்பினால் காப்பார்" என்ற பேச்சு காதில் ஏறுவதில்லை. தவணை தவறாமல் கட்டினால் பணம் வரும் என்று பாலிசி ஏஜெண்ட் சொல்வது மாதிரியே இருக்கிறது.

ஆனால் அம்மா ஒரு ஞாயிறு பூசையையும் விடவில்லை. ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன், இன்னும் எதுக்கும்மா போற என்று. "வேற யாருக்கிட்ட போய்ச் சண்ட போட?" என்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது அண்ணா. அவள் போகிறாள், அவ்வளவுதான்.

கோவைக்காரன்:

இந்தத் தலைப்பில் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். என் அப்பாவுக்குச் சர்க்கரை. ஒரு ஜெபக் கூட்டத்தில் "மாத்திரையை நம்புகிறாயா, கர்த்தரை நம்புகிறாயா" என்று கேட்டார்கள். மறுநாள் இன்சுலினைக் குப்பையில் போட்டுவிட்டார். வீட்டில் யார் சொல்லியும் கேட்கவில்லை. "சுயபுத்தியின்மேல் சாயாதே" என்று எனக்கே வசனம் சொன்னார். ஐந்தாவது மாதம் காலில் புண், எட்டாவது மாதம் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. மெடிக்கல் இன்சூரன்ஸையும் விசுவாசக் குறைவு என்று புதுப்பிக்காமல் விட்டிருந்தார். அம்மாவின் நகையெல்லாம் போனது.

அந்தக் கூட்டத்து ஆட்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வந்தவர் எங்கள் சபைப் போதகர், ஒரு ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீரோடு.

எனவே "தேவனை மட்டும் சார்ந்திருங்கள்" என்று யாராவது மைக்கில் சொன்னால் எனக்கு அந்தக் கட்டுப் போட்ட கால்தான் ஞாபகம் வரும். பொருநைக்கரை அண்ணன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கள் இரண்டடி பேஸ்மென்ட் சரியான வேலைதான் என்று சொல்ல வந்தேன்.

ஓய்வுபெற்ற டீச்சர்:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. அப்பாவிடம் கேட்ட அந்தக் கேள்வியே தப்பு. இரண்டில் ஒன்று என்று வேதத்தில் எங்கேயும் அப்படி நிறுத்தவில்லை.

ஞாயிறு பள்ளியில் முப்பது வருஷம் மன்னா பாடம் நடத்தியிருக்கிறேன். யாத்திராகமம் 16. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு தேவன் தினமும் கொடுத்த ஆகாரம்தான் மன்னா. தலைக்கு ஒரு ஓமர், அதாவது ஓர் அளவு, எடுக்கச் சொன்னார். மறுநாளைக்கு என்று மிச்சம் வைத்தவர்களுக்குப் புழு பிடித்து நாறியது. பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சேர்த்து வைக்கக் கூடாது என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவேன். ஒரு வருஷம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், ஓய்வுநாளுக்கு முந்தின நாள் எடுத்து வச்சது நாறலையே?" என்றான். எனக்கு வேர்த்துவிட்டது. உண்மைதானே. ஆறாம் நாளில் இரண்டு மடங்கு எடுத்து வைக்கச் சொன்னவரும் அவர்தான். அதே மன்னா, அதே பாத்திரம். முதல் நாள் வைத்தவன் நாளைக்கு வராதோ என்ற பயத்தில் வைத்தான். ஆறாம் நாள் வைத்தவனோ சொன்னதைக் கேட்டு வைத்தான். அதற்கப்புறம்தான் நான் அந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்தினேன் என்று நினைக்கிறேன்.

டோனாவூருக்குப் போயிருக்கிறீர்களா? களக்காடு பக்கம், மலையடிவாரம். மிஷனரி ஏமி கார்மைக்கேல் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய இல்லம் இருக்கிற இடம். பணம் கேட்டு யாருக்கும் எழுதுவதில்லை என்று தீர்மானம் வைத்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளை வளர்த்தார். அதே மனுஷி அங்கே ஓர் ஆஸ்பத்திரியும் கட்டினார், தம்பி. ஜெபித்தால் போதும் என்று விட்டுவிடவில்லை. 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. கடற்கரைத் தங்கையே, இதை உங்களுக்காகவும் எழுதுகிறேன். தேவனை நம்பினால் அடிபடாது என்பதற்கு அவரை உதாரணம் காட்ட முடியாது.

கல்லறைக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கிறது, பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயரை எழுதி. நான் போன நேரம் ஒரு மைனா அதில் குளித்துக்கொண்டிருந்தது. கூட வந்த மாணவிகள் எல்லாரும் செல்போனை எடுத்தார்கள், அது பறந்துவிட்டது.

பொருநைக்கரைத் தம்பி, ஆச்சி இப்போது எப்படி இருக்கிறார்கள்?

பொருநைக்கரை:

டீச்சர், நல்லா இருக்கிறார். கோவைத் தம்பி, அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். கடற்கரைத் தங்கச்சி, உங்கள் அம்மா சொன்னதை என் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தம்பி பெயர் என்ன என்று கேட்டார், ஜெபத்தில் சொல்ல. இங்கே எழுத வேண்டாம், தனியாக அனுப்புங்கள்.

நான் ஏதோ மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். போன மாசம் பீரோவை மாடி அறைக்கு ஏற்றினேன். நாலு ஆள் பிடித்து, படிக்கட்டில் ஓர் இடத்தில் சுவரும் பெயர்ந்துவிட்டது. ஆச்சி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்த தடவ மாடி வரைக்கும் வந்தா என்னடே செய்வ?" என்றார்.

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. லாக்கருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு தகர டப்பாவும் இருக்கிறது. என் மனைவி வைத்தது, பிடியரிசிக்கு. ஆச்சி வீட்டில் ஓடு எட்டு இடத்தில் உடைந்திருக்கிறது. சனிக்கிழமை மாற்ற ஆள் வரச்சொல்லியிருக்கிறேன், மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.