புதுசா ஒருத்தர் கோயிலுக்குள்ள வந்தா நாம என்ன செய்றோம்?

கடைசி பெஞ்ச்:
எங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்துல, அதாவது ஒரே போதகருக்குக் கீழ உள்ள சபையில, போன வாரம் கமிட்டி கூடுச்சு. காலை ஆராதனையில பாமாலையை, அதான் புத்தகத்துல உள்ள பழைய துதிப்பாட்டை, ஒண்ணாக் குறைக்கணும், கீபோர்டு டிரம்ஸோட அரை மணி நேரம் பாட்டு, வரிகள் திரையில வரணும், பிரசங்கம் இருபது நிமிஷம்னு ஒரு தீர்மானம். இளசுங்க பைபாஸ் ரோட்டு சபைக்குப் போயிடுறாங்க, புதுசா வர்றவங்களுக்கு நம்ம முறைமை ஒண்ணும் விளங்கலங்கிறதுதான் காரணம். ஒன்பதுக்கு ஆறுன்னு நிறைவேறுச்சு. நான் ஆதரவாத்தான் கை தூக்கினேன். பெரியவங்க சிலர் அன்னைலருந்து என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்ல. நான் செஞ்சது தப்பா?

இரண்டாம் மணி:
தப்புதான் தம்பி. ஆராதனை என்பது வருகிறவனைப் பிடித்து வைக்க நடத்தும் கச்சேரி அல்ல. எங்கள் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், பாதி சங்கீதம் எல்லாம் மனப்பாடம். கடைசி நாட்களில் பெற்ற பிள்ளைகளின் பெயரே மறந்துபோனது. ஐயர் (எங்கள் போதகர்) வீட்டுக்கு வந்து "பரமண்டலங்களிலிருக்கிற" என்று கர்த்தருடைய ஜெபத்தை ஆரம்பித்ததும் மிச்சத்தை ஆச்சிதான் சொல்லி முடித்தாள். வாரத்துக்கு ஒரு புதுப் பாட்டு திரையில் ஓடினால் எந்தக் கிழவிக்கு எது மிஞ்சும்?

கிடார் தம்பி:
அண்ணாச்சி, ஆச்சிக்கு மிஞ்சுச்சு, சரி. உங்க பேரனுக்கு? அவன் போனை நோண்டிக்கிட்டுதான உக்காந்திருக்கான்? பைபிள்ல பவுல் எழுதின நிருபம், 1 கொரிந்தியர் 14ஐ எடுத்துப் படிங்க. விளங்காத பாஷையில எல்லாரும் பேசிக்கிட்டிருக்கையில வெளியாள் உள்ள வந்தா, உங்களுக்குப் பைத்தியம்னு சொல்லமாட்டானான்னு பவுலே கேக்குறாரு. நம்ம பழைய ஜெபப் புத்தகத் தமிழும் இன்னைக்கு அந்த மாதிரிதான்.

இரண்டாம் மணி:
அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் படியும் தம்பி. சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது. உங்கள் டிரம்ஸ் சத்தம் சுப்ரீம் கோர்ட் வரை போன கதை தெரியுமா? சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்துச் சபை ஒன்றின் மேல் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கு. ஒலிபெருக்கி வைத்து மற்றவர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரனும் வெளியாள்தானே? அவனை இப்படியா வரவேற்பது?

கிடார் தம்பி:
சத்தத்தைக் குறைங்கன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். கிடாரே வேண்டாம்னா எப்படி? பைப் ஆர்கன் மட்டும் என்ன பனைமரத்துலயா காய்ச்சது?

இரண்டாம் மணி:
நான் ஆர்கனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. நம் கீர்த்தனைகளை ஒழித்துவிடாதீர்கள் என்கிறேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சரபோஜி மன்னரின் அவைக்கவிஞர். சபையில் தமிழ்ப் பாட்டும் தமிழ் இசையும் நிற்க வேண்டும் என்று வந்திறங்கிய புது மிஷனெரிகளையே எதிர்த்து நின்றவர். அந்தப் பரம்பரையை ஒரு கீபோர்டுக்கு விற்கப் பார்க்கிறீர்கள்.

வெளியே செருப்பு:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். நான் கிறிஸ்தவ வீட்டுல பிறந்தவ இல்ல. எங்கம்மா தவறின வருஷம் மனசு சரியில்லாம ஒரு பெரிய சபைக்குப் போனேன். வாசல்ல ரோஜாப்பூ குடுத்து, போன் நம்பர் எழுத ஒரு படிவத்தை நீட்டினாங்க. பாட்டு அருமையா இருந்துச்சு, கண்ணு கலங்கிருச்சு. சரியா அந்த நேரம் மைக்குல "முதல் தடவை வந்தவங்க எழும்பி நில்லுங்க"ன்னாங்க. எழும்பினேன். நூறு பேர் திரும்பிப் பார்த்துக் கை தட்டினாங்க. அழ வந்த எனக்கு எங்க முகத்தை வச்சுக்கிறதுன்னே தெரியல. அந்த வாரம் மூணு போன் வந்துச்சு. அப்புறம் நான் போகல.

அடுத்து ஒரு பழைய கோயில். முன் வரிசையில உக்காந்தேன். ஒரு அம்மா வந்து, இது எங்க குடும்பம் உக்கார்ற இடம்னு சொன்னாங்க. பின்னாடி போயிட்டேன். திடீர்னு எழும்புறாங்க, முழங்கால் போடுறாங்க, புத்தகத்துல எந்தப் பக்கம்னே புரியல. பக்கத்துல இருந்த பாட்டி தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, வரி வரியா விரல் வச்சுக் காட்டுச்சு. ஊரு பேரு எதுவும் கேக்கல. அந்த விரலுக்காகத்தான் மறு வாரமும் போனேன். இன்னும் போய்க்கிட்டிருக்கேன்.

கடைசி பெஞ்ச்:
அக்கா, நீங்க சொன்னதைப் படிச்சதுல இருந்து ஒண்ணு உறுத்துது. எங்க தீர்மானத்துல பதினோரு அம்சம். யார் எங்க உக்கார்றதுன்னு ஒரு வரிகூட இல்ல.

சவேரியார் தெரு:
இருக்காது. அந்தப் பேச்சை யாரும் எடுக்கமாட்டாங்க. இரண்டாம் மணி ஐயா சாஸ்திரியாரைப் பாதியோட விட்டுட்டாரு. அவர் 1829 வாக்குல மிஷனெரிகள் மேல நாலு கொடுமைகள்னு குறை எழுதினாரு. பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாத்துறது, சுப காரியத்துல பூவைத் தடுக்கிறது, கோயில்ல தமிழ் இசையை நிறுத்துறது, அப்புறம் நாலாவதா, சபையில சாதிகளை ஒண்ணாக் கலந்து உக்கார வைக்கிறது. அதுவும் அவருக்குக் கொடுமைதான். நல்ல இசைக்காக வாதாடின அதே பேனாதான் இதையும் எழுதுச்சு.

எங்க கத்தோலிக்கப் பக்கம் மட்டும் சுத்தம்னு சொல்ல வரல. வடக்கன்குளத்துல ரெண்டு சாதிக்கும் ரெண்டு தனித்தனி கூடம் வச்சுக் கோயில் கட்டினாங்க, பீடம் மட்டும் ஒண்ணு. நடுவுல இருந்த தடுப்பை 1910லதான் எடுத்தாங்க, அதுக்கும் கோர்ட்டு வரைக்கும் சண்டை. 1963ல வத்திக்கான் சங்கம், அதான் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடின மாநாடு, மக்கள் முழுசா, உணர்ந்து வழிபாட்டுல பங்கெடுக்கணும்னு சொன்ன பிறகு லத்தீன் போய் தமிழ் பூசை வந்துச்சு. பாஷை விளங்குச்சு. பல ஊர்ல கல்லறைத் தோட்டம் இன்னும் ரெண்டாத்தான் கிடக்கு.

இரண்டாம் மணி:
சாஸ்திரியாரின் அந்தப் பகுதி எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டது என் பிழை. ஆனாலும் அவர் பாட்டு பொய்யாகிவிடாது.

சவேரியார் தெரு:
யாரு பொய்னு சொன்னது? நானும்தான் பாடுறேன். பாட்டைப் பத்தியே சண்டை போட்டா பெஞ்சைப் பத்திப் பேச வேண்டியதில்லங்கிற சௌகரியத்தைத்தான் சொல்றேன். பொன் மோதிரக்காரனுக்கு முன் இடம், ஏழைக்குக் காலடியாங்கிறது யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரம்.

கிடார் தம்பி:
அப்ப கிடார் வரலாம்னு முடிவா? 😄

இரண்டாம் மணி:
வரட்டும். ஒரே நிபந்தனை: சபையார் பாடுவது வாசிக்கிறவனுக்குக் கேட்க வேண்டும். திரையில் வரி போட்டாலும் புத்தகத்தை எடுத்துவிடாதீர்கள். அந்தப் பாட்டி விரல் வைக்க ஒரு தாள் வேண்டுமே.

வெளியே செருப்பு:
ஐயா, இன்னொண்ணும் சொல்லிடுறேன். ஆராதனை நடுவுல, இன்னார் குடும்பம் பிறந்தநாள் காணிக்கை ரெண்டாயிரம், இன்னார் திருமணநாள் காணிக்கை ஐந்நூறுன்னு கால் மணி நேரம் பட்டியல் வாசிக்கிறாங்க. அந்த நேரம் கையில நூறு ரூபா கவரோட இருக்கிறவ தலையைக் குனிஞ்சுக்கிறா. அது கடவுளுக்கா, கணக்குக்கா?

கடைசி பெஞ்ச்:
அடுத்த கமிட்டியில திருத்தம் குடுக்கப் போறேன். பட்டியலை அறிவிப்புப் பலகையில ஒட்டுறது, தொகை இல்லாம. குடும்ப இடம்னு எந்த பெஞ்சும் கிடையாது. வந்தவங்களை எழுப்பி நிறுத்துறது கிடையாது. ரெண்டு பேர்கிட்ட பேசிப் பார்த்தேன். டிரம்ஸுக்குக் கை தூக்கினவங்களே இதுக்கு யோசிக்கிறாங்க.

இரண்டாம் மணி:
உண்மையைச் சொல்கிறேன் தம்பி. எங்கள் கோயிலில் அந்தத் திருத்தத்தை நீர் கொண்டுவந்தால் பெஞ்சுக்கு நான் உம் பக்கம். பட்டியலுக்கு எதிராகத்தான் கை தூக்குவேன். போன மழைக்கு ஒழுகிய கூரையை அந்தப் பட்டியல் வாசித்துத்தான் மாற்றினோம்.